கிளட்ச் இல்லாத பிளசர்

தேரடியைத் தாண்டும் முன்பே பிளசர் கார் கொதித்துவிட்டது. முன்மூடியின் இடுக்கிலிருந்து கிளம்பிய வெள்ளை ஆவி, பின்னிருக்கையின் முதுகில் கொலுப்பொம்மை போல ஏற்றி உட்காரவைக்கப்பட்டிருந்த மாப்பிள்ளையின் கூலிங் கிளாஸில் போய்ப் படிந்தது. அதைக் கழற்றித் துடைப்பதா, தெரியாததுபோலக் கம்பீரமாக இருப்பதா என்று அவர் முடிவெடுப்பதற்குள் கார் ஒரு தரம் இருமியது, இன்னொரு தரம் இருமியது, நின்றது. நாயனக்காரர் இதைக் கவனிக்காமல் வாசித்துக்கொண்டே வெகுதூரம் போய்விட்டார். பெண்வீட்டு இளவட்டங்கள் இதற்காகவே பிறந்து வளர்ந்தவர்கள் போல விசிலடித்தார்கள். அந்தப் பக்கத்து மாப்பிள்ளை அழைப்புக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பிள்ளையார் கோயிலில் கிளம்பிய கார் மண்டப வாசலில்தான் நிற்க வேண்டும். நடுவில் நின்றால் மாப்பிள்ளை மிச்ச தூரத்தை நடந்து போக வேண்டும். அன்றைக்கு நடந்த மாப்பிள்ளைக்குப் பேரப்பிள்ளை பிறந்த பிறகும் அது பேசப்படும்.

ஊர்வலத்துக்கு இருபதடி பின்னால், பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீரோடு வந்துகொண்டிருந்த மெகராஜ் பேகம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போகப் பார்த்தாள். பிறகு நின்றுகொண்டாள். கார் அவளுடையதுதான். ஆனால் புருஷனை இழந்தவள் மாப்பிள்ளைக்கு எதிரே வரக்கூடாது என்பது காருக்குச் சொந்தக்காரி என்பதைவிடப் பழைய சட்டம். குடத்தை யாரோ ஒருவர் கையில் கொடுத்தனுப்பினாள். அதற்குள் மாப்பிள்ளை இறங்கி நடந்துவிட்டார்.

டிரைவர் சங்கையா மட்டும் சற்றும் பதறவில்லை. ஸ்டீயரிங்கில் சாய்ந்து, ஆண்டவன் சந்நிதியில் நிற்பவர் போன்ற முகத்தோடு, "எம்புட்டு நேரந்தான் யம்மா அதுவும் பொறுக்கும், ஹாஃப் கிளட்ச்ல" என்றார்.

ஹாஃப் கிளட்ச் என்பது சங்கையாவின் இடது காலில் குடியிருந்த வித்தை. கிளட்சை முழுக்க மிதித்தால் கார் நிற்கும். முழுக்க விட்டால் ஓடும். மாப்பிள்ளைக் கார் நிற்கவும் கூடாது, ஓடவும் கூடாது. ஆகவே பாதி மிதித்துப் பாதி விட்டு, நாயனக்காரரின் முதுகையே பார்த்தபடி, அவர் ராகத்தை இழுத்தால் இழுத்து, நின்றால் நிற்காமல் நின்று, நாலு தெரு போக வேண்டும். இதில் எஞ்சின் கொதிக்கும், கிளட்ச் தட்டு கருகும், அமாவாசைக்கு அமாவாசை கார் ஒர்க்‌ஷாப்பில் படுக்கும். ஆனாலும் வில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டு ஊரிலும் அந்த வித்தை தெரிந்த ஒரே கால் அதுதான் என்பதால் அந்தக் காலுக்கு மவுசு அதிகம். அவள் புருஷன் நைனா முகமது உயிரோடிருந்தவரை சங்கையா டிரைவராக இருந்தார். நைனா முகமது மௌத்தான இந்த இரண்டு வருஷத்தில் சமஸ்தானமாகிவிட்டார். வருவேன் என்ற நாளில் வரமாட்டார். வந்தால் வெற்றிலை வாங்கித் தராமல் ஏறமாட்டார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. தன் கால் இல்லாமல் வில்லிபுத்தூரில் கல்யாணமே நடக்காது என்று அவர் உண்மையிலேயே நம்பினார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையிலேயே பீர் முகமது ராஜபாளையத்திலிருந்து வந்துவிட்டார். நைனா முகமதுவின் தம்பி. தென்காசி ரோட்டில் டயர் கடை வைத்திருந்தார். நல்ல செய்தி என்றால் பெருநாளைக்குத்தான் வருவார். கெட்ட செய்தி என்றால் முதல் பஸ். வாசலில் செருப்பை விடும்போதே வருத்தமான முகத்தை மாட்டிக்கொண்டு, நேற்று மாப்பிள்ளை நடந்தது ராஜபாளையம் வரைக்கும் நாறிப்போய்விட்டது, அண்ணன் பேர் கெடுகிறது, ஆள் விட்டு ஓட்டும் தொழில் பொம்பளைக்குச் சரிவராது என்று அடுக்கினார். பிளசரையும் தொழிலையும் தன்னிடம் விட்டுவிட்டால் தானே பார்த்துக்கொள்வதாகவும், இதில் தனக்கு அஞ்சு காசு ஆசை கிடையாது என்றும் மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறையில்தான் மெகராஜ் பேகத்துக்குச் சந்தேகம் வந்தது.

"நீங்க வீட்ல நிம்மதியா இருங்க மைனி. அரிசி, பருப்பு, எண்ணெ எல்லாம் மாசாமாசம் வீடு தேடி வரும்."

"அரிசிக்குக் கால் இருக்கோ என்னமோ, எனக்கு இருக்கு தம்பி" என்றாள்.

பீர் முகமது டீயைக் குடித்துவிட்டு, மைனிக்கு இன்னும் துக்கம் தெளியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். அவர் கையில் காரின் சாவி போகவில்லை. ஆனால் போகும் என்பது மெகராஜ் பேகத்துக்குத் தெரிந்திருந்தது. இன்னும் இரண்டு மாப்பிள்ளைகள் நடந்தால் போதும். மூன்றாவது மாப்பிள்ளை அவளிடம் வரமாட்டான். பிறகு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அரிசியின் வருகையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஊரில் அப்படி உட்கார்ந்திருப்பவர்களை அவளுக்குத் தெரியும். எல்லோரும் நன்றாக மதிக்கப்பட்டார்கள். யாரும் எதற்கும் அவர்களைக் கூப்பிடவில்லை.

தொண்ணூற்று ஐந்தாம் வருஷம் அது. ராஜபாளையத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். டெல்லி அப்பளத்துக்கும் மரணக் கிணற்றுக்கும் நடுவில், சின்னப் பந்தலுக்குக் கீழே, வெளிர்நீலத்தில் ஒரு கார் நின்றது. பக்கத்தில் டை கட்டிய கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். இது கரண்டில் ஓடும் கார். பெட்ரோல் கிடையாது, டீசல் கிடையாது, புகை கிடையாது, சத்தம் கிடையாது, கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. ஜனங்கள் இந்த இல்லாமைகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, இவ்வளவும் இல்லாததை விலைபோட்டு விற்கும் துணிச்சலை வியந்து, அப்பளம் வாங்கிக்கொண்டு கலைந்தார்கள். காரைப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் தொட்டால் ஷாக் அடிக்குமா என்று கேட்டார்கள். மீதிப்பேர் கேட்காமல் பக்கத்தில் நின்றவரைத் தொடச் சொன்னார்கள். ரப்பர் செருப்பு போட்டவர் மட்டும் தைரியமாக உள்ளே உட்கார்ந்து பார்த்தார். மழையில் ஓட்டலாமா, மாடு நக்கினால் என்ன ஆகும், வீட்டில் மிக்ஸி ஓடும்போது கார் ஓடுமா என்ற கேள்விகளுக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லி டைக்காரரின் தொண்டை கட்டிப்போயிருந்தது.

கிளட்ச் கிடையாது என்ற இடத்தில் மெகராஜ் பேகம் நின்றுவிட்டாள். காரைச் சுற்றி வந்தாள். மேலே துணிக்கூரை. சுருட்டிக் கட்டிவிடலாம். பின்னிருக்கையின் முதுகில் ஒரு மாப்பிள்ளை தாராளமாக உட்காரலாம்.

"இது நடக்குமா?" என்று கேட்டாள்.

"நடக்கறதுங்களா? அம்பது கிலோமீட்டர் ஸ்பீடு போகுமுங்க அம்மணி."

"அது வேண்டாம். நடக்கணும். நாயனக்காரருக்குப் பின்னால, இடிக்காம, நிக்காம, ஒரு மணி நேரம்."

கோயம்புத்தூரில் அதை வடிவமைத்தவர்கள் யாரும் இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்கவில்லை. டைக்காரர் தலையைச் சொறிந்தார். கடைசியில் அவள் காருக்கு முன்னால் நடப்பது, அவர் பின்னால் ஓட்டிவருவது என்று முடிவாயிற்று. ராட்சச ராட்டினத்தைச் சுற்றி மெகராஜ் பேகம் நாயனக்காரரின் நடையில் நடந்தாள். இரண்டெட்டு வைத்து ஒரு நிதானம், ராகம் இழுக்கும் இடத்தில் இன்னொரு நிதானம். பின்னால் சத்தமே இல்லை. வருகிறதா இல்லையா என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். முழங்கைத் தூரத்தில், வளர்த்த ஆடு மாதிரி வந்துகொண்டிருந்தது. கொதிக்கவில்லை, இருமவில்லை. கொதிப்பதற்கு அதற்குள் ஒன்றுமில்லை.

இரண்டாவது சுற்றுக்கு அவளே ஏறி உட்கார்ந்தாள். யார் ஓட்டப்போவது என்று டைக்காரர் அதற்கு முன் நாலு ஆண்பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டிருந்தார். அந்த நாலு பேரும் அவளுக்கு ஒன்றும் ஆகாதவர்கள். நைனா முகமது ஒரு காலத்தில் ஆசைப்பட்டு, வறண்ட கண்மாய்க்குள் வைத்து அவளுக்குக் கார் பழக்கி, லைசென்சும் எடுத்துக்கொடுத்திருந்தார். எல்லாம் வந்தது, கிளட்ச் மட்டும் வரவில்லை. அந்தப் பிளசரின் கிளட்சை மிதிக்க ஏர்மாட்டின் கால் வேண்டும். இதில் இரண்டே பெடல். வலது காலை மெல்ல வைத்தாள். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் உறுமும் சத்தத்துக்கு நடுவே வெளிர்நீலம் சத்தமில்லாமல் நகர்ந்தது. அப்பளக்காரர் அப்பளத்தை எண்ணெயிலேயே விட்டுவிட்டுப் பார்த்தார்.

செய்தி அவளுக்கு முன்னால் வில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த சில நாட்கள் ஊரே அவளுக்காகச் சிந்தித்தது. பால்கோவாக் கடைக்காரர், கரண்டு போனால் மாப்பிள்ளை கதி என்ன என்று கவலைப்பட்டார். ஒர்க்‌ஷாப்காரர், சத்தம் போடாத வண்டிக்கு ரோட்டில் மரியாதை கிடையாது, மனுஷனுக்கும் அப்படித்தான் என்றார். எதிர்வீட்டு ஆயிஷா பீவி, ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கினால் காரே தானாகக் கிளம்பிப் போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கண்கள் விரியச் சொல்லிவிட்டு, போனால் தன்னையும் எழுப்பச் சொன்னாள். சங்கையா அதைக் கார் என்று சொல்லவே மறுத்தார். மிக்ஸி என்றார். பீர் முகமது இந்த முறை இரண்டு பஸ்ஸுக்கு வந்தார். காலையில் புத்தி சொல்ல ஒன்று, சாயங்காலம் கோபப்பட ஒன்று. பொம்மைக் காரில் ஏற எந்த மாப்பிள்ளை வருவான், அப்படி வந்தாலும் பொம்பளை ஓட்டும் காரில் ஏறுவானா, பிளசரைத் தன்னிடம் கொடுப்பதாக இருந்தால் இப்போதே கொடுத்துவிட வேண்டும் என்றார். பொருட்காட்சி முடிவதற்குள் சொல்கிறேன் என்றாள். அதற்குள் சோழபுரத்துக் கல்யாணம் இருந்தது.

அந்தக் கல்யாணத்துக்குப் பிளசரை எப்போதோ பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை சோலைச்சாமி, பருத்தி விவசாயம். பெண் ராஜபாளையம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பிளசரின் கிளட்ச் தட்டு ஒரேயடியாகக் கருகிப்போய், கார் ஒர்க்‌ஷாப்பில் குடலை வெளியே போட்டுக்கொண்டு கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். மெகராஜ் பேகம் பஸ் ஏறிப் பொருட்காட்சிக்குப் போய் டைக்காரரிடம் ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் காரைக் கேட்டாள். இத்தனை நாளில் ஒரு கார்கூட விற்காத டைக்காரர், மாலை போட்டு ஊரைச் சுற்றினால் ஒருவேளை நாலு பேர் கண்ணில் பட்டாவது விற்கும் என்று சம்மதித்தார். முந்தின இரவிலிருந்து சார்ஜ் போட்டிருந்தார். காலையில் கரண்டு போயிற்று. வந்தது. மறுபடி போயிற்று. சாயங்காலம் மெகராஜ் பேகமும் சங்கையாவும் போய்ப் பார்த்தபோது சார்ஜ் காட்டும் முள் பாதியில் நின்றது.

"போதுமா?" என்றாள்.

"கோயம்புத்தூர்ல போதுமுங்க" என்றார் டைக்காரர். அவர் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளாத வியாபாரி. விற்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓட்டுவதற்கு அவள் சங்கையாவைத்தான் அழைத்து வந்திருந்தாள். மிக்ஸியில் ஏறமாட்டேன் என்றவர், வேறு ஆள் பார்க்கிறேன் என்றதும் வெற்றிலைகூடக் கேட்காமல் வந்துவிட்டார். பஞ்சு மார்க்கெட் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் கூட்டம் கூடியிருந்தது. வெளிர்நீலத்துக்குக் கதம்பச் சரம் சுற்றி, முன்னால் வாழைக்கன்று கட்டியதும் அதுவும் பார்க்க ஒரு மாதிரி கல்யாணக் களை கொண்டுவிட்டது. சோலைச்சாமியை ஏற்றி உட்காரவைத்தார்கள். அவர் இரண்டு கையையும் எதையும் தொடாமல் அந்தரத்தில் வைத்திருந்தார். ரப்பர் செருப்பு போட்டிருக்கலாம் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. மெகராஜ் பேகம் வழக்கம்போல இருபதடி பின்னால் போய் நின்றுகொண்டாள். அங்கே ஏற்கெனவே ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைச்சேலை, வெறும் கழுத்து. மாப்பிள்ளையின் தாய் பிச்சையம்மாள். பெற்றவளுக்கும் அதே இருபதடிதான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள்.

நாயனக்காரர் நாயனத்தின் சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருந்தார். சங்கையா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய வலது கால் வழக்கம்போல ஆக்சிலேட்டரைத் தொட்டது. இடது கால் வழக்கம்போலக் கிளட்சைத் தேடியது. கிளட்ச் இல்லை என்று அவருக்கு ஆயிரம் தரம் சொல்லியாயிற்று. அவரும் ஆயிரம் தரம் தலையாட்டியாயிற்று. காலுக்கு யாரும் சொல்லவில்லை. முப்பது வருஷம் ஹாஃப் கிளட்ச் போட்ட கால், தனக்கு எட்டிய பிரேக்கையே கிளட்ச் என்று ஏற்றுக்கொண்டு, அதைப் பாதி மிதித்துப் பாதி விட்டுத் தன் வித்தையைக் காட்டத் தொடங்கியது. ஒரு கால் போ என்றது, ஒரு கால் போகாதே என்றது. கார் சினைமாடு மாதிரி முனகியது, குலுங்கியது, கருகின வாடை ஒன்று வந்தது, அடங்கிவிட்டது. மாப்பிள்ளை தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

டைக்காரர் ஓடிவந்து முன்மூடியைத் திறந்து, பியூஸ் போய்விட்டது என்றார். அவர் பையில் மாற்று பியூஸ் ஒன்றே ஒன்று இருந்தது. அவர் அதை மாட்டுவதற்குள் இரண்டு வீட்டாருக்கும் வழக்கு முற்றிவிட்டது. கார் கிளம்பிவிட்டது, நின்றும் விட்டது, ஆகவே மாப்பிள்ளை நடக்க வேண்டும் என்றார்கள் பெண்வீட்டு இளவட்டங்கள். அது நகரவில்லை, குலுங்கத்தான் செய்தது என்றார்கள் சோழபுரத்தார். நகர்தல் என்றால் என்ன, குலுங்கல் என்றால் என்ன என்று ஒரு விசாரணை நடந்தது. சக்கரத்துக்குக் கீழே வைத்த எலுமிச்சம்பழத்தைச் சாட்சிக்கு எடுத்தார்கள். பழம் ஒரு பக்கம் நசுங்கி ஒரு பக்கம் உருண்டையாக இருந்ததால் அதுவும் இரண்டு கட்சிக்கும் பேசியது. கடைசியில் நாயனக்காரர் சீவாளியை எடுத்துவிட்டு, தான் இன்னும் ஊதவில்லை, தான் ஊதாமல் எந்த ஊர்வலமும் கிளம்பியதாகச் சரித்திரம் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார்.

சங்கையா இறங்கி வந்துவிட்டார். மெகராஜ் பேகத்தின் முன்னால் நின்று தன் இடது காலையே பார்த்தார். அதுவரை அந்த முகத்தில் அவள் காணாத ஒன்று இருந்தது.

"நான் ஏறுனா மிதிச்சிரும் யம்மா. என் பேச்சக் கேக்காது அது. கோவிச்சுக்கிடாதிய."

ஒரே ஒரு பியூஸ். கியர் இல்லாத காரை டைக்காரரே ஓட்டலாம்தான். ஆனால் அவருக்கு நாயனக்காரரின் நடை தெரியாது. ராட்டினத்தைச் சுற்றியபோது முன்னால் நடந்தவள் யார் என்று மெகராஜ் பேகம் நினைத்துப் பார்த்தாள். முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு இருபதடியையும் நடந்து போய் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள்.

கூட்டம் முதலில் அவள் எதையோ எடுக்கப் போகிறாள் என்று நினைத்தது. உட்கார்ந்த பிறகுதான் சத்தம் அடங்கியது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் முன்னால் வந்து, தப்பாக நினைக்கக்கூடாது என்று தொடங்கினார். அப்படித் தொடங்குகிறவர் எதைச் சொல்லப்போகிறார் என்பது அவளுக்கு இரண்டு வருஷமாகப் பழக்கம். தாலி இல்லாதவர் மாப்பிள்ளைக்கு முன்னால் இருப்பது நல்லதில்லை என்றார். இவர்கள் சாய்புமார், இவர்களுக்கு அந்தக் கணக்கு வருமா என்று பின்னாலிருந்து ஒருவர் சட்டச் சந்தேகம் கிளப்பினார். விதவை என்றால் எல்லா ஜாதியிலும் விதவைதானே என்றார் இன்னொருவர். அந்த இடத்தில்தான் ஊர் முழுக்க ஒற்றுமையாக இருந்தது.

"எறங்கிருங்கம்மா. வேற ஆளு பாப்போம்" என்றார் பெரியப்பா.

மெகராஜ் பேகம் இறங்கவில்லை. கண்ணாடியைத் தன் முகத்துக்குச் சரிசெய்தாள். அதற்குள் கூட்டத்தின் கடைசியிலிருந்து பிச்சையம்மாள் வந்துகொண்டிருந்தது கண்ணாடியில் தெரிந்தது. அவசரமில்லாமல், பருத்திக் காட்டில் நடப்பதுபோல ஆட்களை இரண்டு பக்கமும் விலக்கிக்கொண்டு வந்தாள். முன்கதவின் பிடியை இழுத்துப் பார்த்தாள், தள்ளிப் பார்த்தாள். அது திறக்கும் விதம் பிடிபடவில்லை. டைக்காரர் ஓடிவந்து திறந்துவிட்டார். ஏறி உட்கார்ந்து, வெள்ளை முந்தானையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, நீ எதுக்கு" என்றார் பெரியப்பா.

"இவன எங்கிட்டு இருந்து எடுத்தாக? பின்னால நின்னா பெத்தேன்?" என்றாள் பிச்சையம்மாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. பிறகு பக்கத்தில் திரும்பி, "விடுங்க போவோம்" என்றாள்.

சோலைச்சாமி உச்சியிலிருந்து முதல் தடவையாகக் கையைக் கீழே வைத்தார். நாயனக்காரருக்குப் பஞ்சாயத்தில் கலந்துகொள்ள இன்னும் ஆசை இருந்தாலும் நேரமாகிவிட்டது. ஊதினார்.

அப்படி ஒரு ஊர்வலத்தை ராஜபாளையம் அதற்கு முன் கேட்டதில்லை. கேட்டதில்லை என்பதுதான் சரி. எஞ்சின் சத்தம் இல்லாததால் நாயனக்காரருக்குத் தன் வாசிப்பு முழுசாகக் காதில் விழுந்து, இரண்டு இடங்களில் அவரே திடுக்கிட்டார். பின்னால் வந்த சொந்தக்காரர்கள் வழக்கம்போலக் கார் சத்தத்தை நம்பி வாயைத் திறந்தார்கள். மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரத்தின் எடை, பெண்ணின் நிறம், பெரியப்பாவின் கஞ்சத்தனம் எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னிருக்கையின் உச்சிக்குத் தெளிவாகப் போய்ச் சேர்ந்தன. "ரெண்டு முண்டச்சியள முன்னால ஒக்கார வச்சுக் கூட்டிட்டு வாரான், வெளங்குமா" என்று ஒரு குரல் கேட்டது. மெகராஜ் பேகத்தின் கை ஸ்டீயரிங்கில் இறுகியது. பிச்சையம்மாளுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் மடியிலிருந்த கையை எடுத்துக் கதவின் மேல், வெளியே எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டாள். அப்படியே மண்டபம் வரை வைத்திருந்தாள்.

மெகராஜ் பேகம் நாயனக்காரரின் குதிகாலை மட்டும் பார்த்தாள். அது எழும்பும்போது வலது காலை மெல்ல அழுத்தினாள். ஊன்றும்போது விட்டாள். இடது காலுக்கு வேலையே இல்லை. அதைச் சப்பணமாக மடக்கி வைத்துக்கொள்ளலாம்போலக்கூட இருந்தது. ஒரே ஒரு கவலை அந்த முள். பாதியிலிருந்து கால்வாசிக்கு இறங்கி, சிவப்பை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தென்காசி ரோட்டில் திரும்பியதும் பீர் முகமதுவின் டயர் கடை தெரிந்தது. கடைவாசலில் அவர் நின்றார். பக்கத்தில் கடையாட்கள் இரண்டு பேர், தோளில் லாரி கட்டும் கயிற்றோடு நின்றார்கள். கார் அங்கே நிற்கும் என்று நம்பி, இழுக்கத் தயாராக இருந்தார். அதில் பிரியமும் இருந்தது என்பதுதான் மெகராஜ் பேகத்துக்கு எரிச்சலாக இருந்தது. அவள் சலாம் சொல்லவில்லை, வேகமும் கூட்டவில்லை. கூட்டவும் முடியாது. முன்னால் நாயனக்காரர் ஒரு சங்கதியைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்றிருந்தார். கயிற்றுக்கு நேர் எதிரே, பீர் முகமதுவின் முகத்தை வேர்வைத்துளி வரைக்கும் பார்க்கக்கூடிய தூரத்தில், கார் நிற்காமல் நின்றது. பிறகு கடந்தது.

மண்டப வாசலில் மாப்பிள்ளையை இறக்கினார்கள். ஆரத்தி எடுத்தார்கள். பிச்சையம்மாள் இறங்கும்போது காரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள், உழுதுவிட்டு வந்த மாட்டைத் தட்டுவதுபோல.

திரும்பும்போது முள் சிவப்பில் படுத்துவிட்டது. விளக்கு வைக்கிற நேரம். கார் சைக்கிளைவிட மெதுவாக, பிறகு நடப்பவர்களைவிட மெதுவாகப் போனது. சங்கையா பின்னால் உட்கார்ந்து இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து பீர் முகமது வந்து, காரோடு கூடவே நடக்க ஆரம்பித்தார். கடையாட்களும் கயிறும் அவர் பின்னால் வந்தார்கள்.

"நிறுத்துங்க மைனி. கட்டி இழுத்துருவோம். ஊரு சிரிக்குது."

"நிக்கிற வரைக்கும் நிறுத்த மாட்டேன் தம்பி."

"நின்னா?"

"நிக்கட்டுமே. பெட்ரோல் தீந்தா அதுவுந்தான் நிக்கும். அன்னைக்கு யாரு சிரிச்சா?"

அவர் கூடவே நடந்தபடி அடுக்கியதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. கரண்டு வராது. பேட்டரி போனால் கோயம்புத்தூருக்குக் கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டும். பெரியப்பாக்கள் எல்லாக் கல்யாணத்திலும் இருப்பார்கள், பிச்சையம்மாள்கள் இருக்கமாட்டார்கள். மெகராஜ் பேகத்துக்கு இதெல்லாம் அவரைவிட நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தாகிவிட்டது. யோசித்ததில் மிஞ்சியது அந்த இருபதடிதான். அதற்கு இனிமேல் திரும்பிப் போக முடியும் என்று தோன்றவில்லை.

டயர் கடைக்கு எதிரே வந்தபோது கார் பெருமூச்சுவிட ஆரம்பித்தது. அவள் ஸ்டீயரிங்கை ஒடித்தாள். சரிந்த மண் இறக்கத்தில் மிச்ச உயிரையும் சேர்த்து உருண்டு, கடைக்குள் இரண்டு பக்கமும் அடுக்கிய லாரி டயர்களுக்கு நடுவில் நுழைந்து, மேஜையை முத்தமிடும் தூரத்தில் தானாக நின்றது. பீர் முகமது ஓடிவந்து மேஜைக்கும் காருக்கும் நடுவில் ஒல்லியாகப் புகுந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கடை தன்னுடையதுதான் என்று காட்ட அவருக்கு வேறு வழி தெரியவில்லை. சங்கையா யாரும் சொல்லாமலே காரின் பின்னாலிருந்து சார்ஜ் ஒயரை உருவி, மேஜையின் மேலாகக் கொண்டுபோய், சுவரில் கம்ப்ரஸருக்கு வைத்திருந்த பெரிய பிளக்கில் சொருகினார். ஒயர் பீர் முகமதுவின் மார்புக்கு முன்னால் விறைப்பாகக் கிடந்தது. காருக்குள் ஏதோ மெல்ல ரீங்கரித்தது.

"டைக்காரர் தேடி வருவாரு. வந்தா சொல்லுங்க, வண்டிய நான் வெலைக்கு எடுத்துக்கிட்டேன்னு" என்றாள் மெகராஜ் பேகம். "பழைய பிளசரு வேணுமின்னா நீங்க வாங்கிக்கிடுங்க தம்பி. நல்ல வெல குடுங்க. காரு மட்டுந்தான். தொழிலு இங்கன இருக்கு." ஸ்டீயரிங்கை விரலால் தட்டிக் காட்டினாள்.

பீர் முகமது வாயைத் திறந்தார். அதற்குள் கார் கரண்டை இழுத்த இழுப்பில் கடையின் குண்டு பல்பு மஞ்சளிலிருந்து சிவப்புக்கு இறங்கியது. அவர் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி தயங்கியது. காற்று நின்றது. மூன்று இறக்கைகளும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. ஒன்றில் எட்டுக்கால் பூச்சி பின்னிய நூல் இருந்தது.

அவர் எழுந்து ஒயருக்கு அடியில் குனிந்து சுவிட்ச் போர்டுக்கு முன்னால் போய் நின்றார். ஒன்று விசிறிக்கு. பக்கத்தில் ஒன்று பிளக்குக்கு. இரண்டுக்கும் சேர்த்துக் கரண்டு போதாது. அவருடைய மூக்கு நுனியில் வேர்வை திரண்டு தொங்கியது. கை உயர்ந்தது. கயிறு வைத்திருந்த கடையாட்கள் கையைப் பார்த்தார்கள். சங்கையா தன் இடது காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மெகராஜ் பேகம் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு முன்னால் கண்ணாடிக்குப் பின்னே, சிவப்பில் படுத்திருந்த முள் ஒரு மயிரிழை எழுந்தது.